கரண்டு போனா நீங்க வந்து ஊதுவீங்களா, டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். அடுப்பைப் பற்றியது. கார்த்திகைக்குள் முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் தெருக்காரர்கள் சில குடும்பங்கள் சேர்ந்து பௌர்ணமிதோறும் அன்னதானம் செய்கிறோம் என்பது இங்கே பலருக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் கிட்டத்தட்ட பாதி தூரம் நடந்து அடி அண்ணாமலைக்கு வருகிறவர்களுக்குப் பசியும் வரும், கால்வலியும் வரும். முதலில் சாம்பார் சாதம், பிறகு விடிய விடிய சுக்கு காபியும் வெந்நீரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மூட்டுகிற அடுப்பு விடியற்காலை நாலு வரை அணையக் கூடாது. பத்து மணி நேரம்.

இந்த வருடம் ஒரு அன்பர் புது அடுப்புக்குப் பணம் தருகிறேன் என்றார். உடனே குழுவில் ஒரு படம் வந்தது. விசிறி வைத்த அடுப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளைப் போட்டு எரிப்பது. பட்டனைத் தட்டினால் போதும், புகையே வராது என்றார்கள். எல்லோரும் கைதட்டிப் பொம்மை போட்டாயிற்று. நானும் போட்டேன்.

மறுநாள் எங்களுக்குச் சமைக்கிற அக்காவிடம் படத்தைக் காட்டினேன். முப்பது வருடமாகப் பெரிய அடுப்பில் நிற்கிறவர். இரண்டு வார்த்தை பேசினால் ஒரு தடவை இருமுகிறவர். பார்த்துவிட்டுக் கேட்டார்: "கரண்டு போனா நீங்க வந்து ஊதுவீங்களா, டீச்சர்?"

எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகன் இதே கேள்வியோடு போன் செய்தான். அங்கே இறைச்சியை 110 டிகிரி சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையிலேயே வேகவைக்கிறார்கள். அதற்குத் தனி அடுப்பு. நம் ஊர் சீமைக் கருவேலத்தின் உறவுக்கார மரம்தான் அங்கே விறகு. "பெரியம்மா, மூணு விதம் இருக்கு, எதை வாங்கறது?" என்றான். ஒன்று, பக்கவாட்டில் விறகுப் பெட்டி வைத்தது. மணிக்கொரு தரம் விறகு தள்ள வேண்டும். இரண்டாவது, மோட்டார் வில்லைகளைத் தானே தள்ளிவிடும். மின்சாரம் வேண்டும், வில்லை நமத்துப்போனால் உப்பிக்கொண்டு அடைக்கும். மூன்றாவது, தடித்த பீங்கான் பானை போன்றது. ஜப்பானிய அடுப்பு வழி வந்தது. ஒரு தரம் கரி நிரப்பிக் காற்று வழியைச் சின்னதாக வைத்தால் இரவு முழுக்கத் தாங்கும். அவன் வீட்டில் கைக்குழந்தை. "ராத்திரி எழுந்து பார்க்க வேண்டாததை வாங்குடா" என்றேன். அவனுக்குச் சொன்ன அந்த ஒரு வரி நம் குழுவுக்கும் பொருந்தும் என்பதுதான் என் கருத்து.

விசிறி அடுப்பில் அறிவியல் தப்பில்லை. காற்று நன்றாகக் கலந்தால் புகை குறையும், உண்மை. ஆனால் வாங்குகிற அன்றைக்கு அடுப்பு எப்படி எரிகிறது என்பது பெரிய விஷயமே இல்லை. மூன்றாவது வருடம் எப்படி எரிகிறது என்பதுதான் கேள்வி.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதன் பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியிலும் சத்துணவுக் கூடம் விறகில்தான் ஓடியது. ஒரு நாள் புகையில்லா அடுப்பு வந்தது. புகைபோக்கியோடு அழகாகத்தான் இருந்தது. குழாயில் இரண்டு வளைவு. அந்த வளைவில் கரி அடைந்தது. கழற்றிச் சுத்தம் செய்வது யார் வேலை என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. ஒரு வருடத்தில் புகை பழையபடி ஆயாவின் முகத்துக்கே வந்தது. குழாயைக் கழற்றி ஓரமாகச் சாத்தினார்கள். அது பந்தல் கால் ஆயிற்று.

அது எங்கள் பள்ளியின் கதை மட்டும் இல்லை. 1980களில் தொடங்கி 2002இல் கைவிடப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேல் இப்படிப்பட்ட அடுப்புகள் கொடுத்தார்கள். பின்னால் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களில் ஒருவர் 2019இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ. முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பலன் காணாமல் போயிற்று. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை. வீட்டுப் புகையால் 2020இல் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. எங்கள் அக்காவின் இருமலைக் கேட்டால் அந்தக் கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"அப்போ எல்லாத்துக்கும் கேஸ் போட்டுடலாமே?" என்று கேட்பீர்கள். சோறுக்கும் சாம்பாருக்கும் கேஸ்தான் சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் விடிய விடிய வெந்நீர் கொதிப்பதற்கு வணிக சிலிண்டரை எரித்தால் அன்னதானப் பணம் அதிலேயே கரைந்துவிடும்.

என் யோசனை இதுதான். சமையலுக்கு கேஸ். இரவு முழுக்கச் சூடு வைக்க, செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய அடுப்பு, பக்கத்தில் ஒரு கொடி அடுப்போடு. விறகு தரையில் படாமல் இருக்க வார்ப்பிரும்புச் சட்டம், அடியில் சாம்பல் வாரும் வாய். புகைபோக்கி வளைவில்லாமல் நேராக, கையால் கழற்றிப் போடும் துண்டுகளாக. மோட்டார் கிடையாது, பட்டன் கிடையாது. உடைந்தால் நம் ஊர் கொத்தனார் அரை நாளில் சரிசெய்வார். நன்றாகக் காய்ந்த சவுக்கு விறகு, சின்னதாகப் பிளந்தது. ஈர விறகு போட்டால் எந்த அடுப்பும் புகையத்தான் செய்யும்.

சுக்கு காபிக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த மரத்தூள் அடுப்பே போதும். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் காய்ந்த தூளைக் கெட்டியாக இடித்து, பாட்டிலை உருவிவிட்டு அடியில் பற்றவைத்தால் மணிக்கணக்கில் தானே எரியும். பற்றும்போது புகையும், நினைத்தபோது அணைக்க முடியாது. அதனால் திறந்தவெளியில் மட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்த்திகைக் குளிருக்குத் தணல் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு யாரும் தூங்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கடைசியாக ஒன்று. பராமரிப்பே வேண்டாத அடுப்பு என்று எதுவும் இல்லை. நம் மலை உச்சியில் தீபம் 11 நாள் எரிகிறதே, அதில் என்ன இயந்திரம் இருக்கிறது? கொப்பரை, நெய், திரி. ஆனால் தினமும் ஏறிப் போய் நெய் வார்க்கிற ஆட்கள் யார் என்பது தலைமுறை தலைமுறையாக முடிவான விஷயம். அடுப்புக்கும் அதே ஏற்பாடு வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் குழாயைக் கழற்றித் தட்டுவது யார் என்று நோட்டில் பெயர் எழுதுவோம். அந்த அரை நாளுக்குக் கூலியும் எழுதுவோம். இத்தனை வருடமாக அக்கா அடுப்பு துலக்கிய நாளுக்கு நாம் கூலி கொடுத்ததே இல்லை. நானும்தான் கணக்கு எழுதினேன். எனக்கும் தோன்றவில்லை.

பணம் தருகிற அன்பர் மனம் வருத்தப்பட வேண்டாம். விசிறி அடுப்பின் விலையில் கட்டிய அடுப்பும் வரும், ஒரு வருடத்து துலக்கும் கூலியும் வரும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். இந்தத் தடவை முதலில் அவர் பேசட்டும்.

மரத்தூள் அடுப்பு இன்னும் பரணில் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், அடி அண்ணாமலை