வேலை முடிந்து வருகிறவர்களுக்கும் நூலகம் திறந்திருக்கட்டும்

மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் வாழும் என் சொந்தங்களுக்கு,

சம்பா நடவு முடிந்து நீங்கள் சற்று மூச்சுவிடும் நேரத்தில் இந்த மடல் கைக்கு வரும் என்று நினைக்கிறேன். கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கும் கடல் தாண்டி வந்த எங்களிடம் கேட்கிறீர்கள். நாங்களும் மனமாரக் கொடுக்கிறோம். இந்த முறை கேட்க வந்திருப்பவன் நான். நம் ஊர் நூலகத்தை உழைத்துக் களைத்த பெரியவர்களுக்கும் உரியதாக்குங்கள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் நூலகத்துக்குள் எட்டிப் பார்ப்பேன். காலையில் செய்தித்தாள் படிக்கும் தாத்தாக்கள் இருப்பார்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்கு நடுவில் இருக்கும் ஊரைத்தான் அங்கே காணோம். நடவுக்குப் போகும் அக்கா, டிராக்டர் ஓட்டும் தம்பி, மளிகைக்கடை அண்ணன் யாரும் வருவதில்லை. "இனிமே நமக்கு எதுக்குப் படிப்பு?" என்ற பேச்சு நம்மவர்களுக்கு முப்பது வயதிலேயே வந்துவிடுகிறது. தேர்வு முடிந்ததும் புத்தகமும் முடிந்தது என்று வாழ்வது எனக்கு வலிக்கிறது.

அப்படி வாழ்ந்த மண் அல்ல இது. 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டது. அந்த நடமாடும் நூலகத்தை உருவாக்கியவர் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை. தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். பள்ளிக்கூட வாசலோடு நிற்காமல், உழுகிறவனும் நெய்கிறவனும் இருக்கும் தெருவுக்கே நூல்களைக் கொண்டு போன வண்டி அது. நூலகத்தைத் தேடி மக்கள் வர முடியாவிட்டால் மக்களைத் தேடி நூலகம் போகவேண்டும் என்று நம் வட்டாரத்திலேயே ஒருவர் நினைத்திருக்கிறார், செய்தும் காட்டியிருக்கிறார்.

ரங்கநாதனின் வாழ்க்கையே வளர்ந்த பிறகும் கற்றதற்குச் சாட்சி. 1892இல் பிறந்தவர், கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு முப்பது வயது கடந்துவிட்டது. நூலகத் தொழில் அவருக்குப் புதிது. லண்டனுக்குப் போய் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அந்தக் கல்விதான் 1931இல் வெளியான நூலகவியலின் ஐந்து விதிகளாகவும், 1933இல் வந்த கோலன் பகுப்பு முறையாகவும் விளைந்தது. உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள்.

வயல்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒருவரைச் சொல்கிறேன். இயற்கை உழவைப் பரப்பிய நம்மாழ்வார் வேளாண்மைப் பட்டம் பெற்று, அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். படித்த படிப்பையே திரும்பக் கேள்வி கேட்கும் துணிவு அவருக்கு விவசாயிகளோடு பழகியதிலும் வாசிப்பிலும் வந்தது. ஜப்பானிய உழவர் மசானபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' அவர் மனத்தில் ஆழமாக இறங்கிய நூல்களுள் ஒன்று. எங்கோ ஒரு தீவில் மண்ணைக் கிளறாமல் பயிர் செய்த கிழவரின் அனுபவம், புத்தகம் வழியாகக் காவிரிப் படுகைக்கு வந்து சேர்ந்தது. நம் ஊர் வரப்பில் பேசப்படும் பல விஷயங்களுக்கு அந்த வாசிப்பும் ஒரு விதை.

என் கதையையும் சொல்கிறேன். நான் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன். இங்குள்ள நூலகங்களில் ஆங்கிலம், சீனம், மலாயோடு தமிழ் நூல்களுக்கும் தனி அலமாரிகள் உண்டு. முதலில் ஊர் நினைப்புக்காகத் தமிழ்க் கதைகளை எடுத்தேன். பிறகு வரலாறு, அப்புறம் என் வேலை தொடர்பான நூல்கள். மேற்பார்வையாளராகும் தகுதியையும், அதைவிடப் பெரிதாக, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கும் பழக்கத்தையும் அந்த அலமாரிகள்தாம் தந்தன. அங் மோ கியோ நூலகத்தில் தமிழர்கள் வாசகர் வட்டமாகக் கூடிப் படித்ததைப் பேசுகிறார்கள். இந்த நாட்டு அரசும் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் புதிய திறன்களைக் கற்க 2016இல் ஆளுக்கு 500 வெள்ளி ஒதுக்கியது. வளர்ந்தவர்களும் படிக்கவேண்டும் என்பதை இங்கே யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

"எல்லாம்தான் போனில் வருதே" என்பீர்கள். வரட்டும். ஆனால் நாம் ஏற்கெனவே விரும்பிப் பார்த்ததையே அது மறுபடி மறுபடி நீட்டும். ஒரு நல்ல நூல் நமக்கு ஒவ்வாத மனிதரோடும் இருநூறு பக்கம் உட்கார வைக்கும். பொறுமையாகக் கேட்கப் பழக்கும். அந்தப் பொறுமை வந்தவர் பயிர்க் காப்பீட்டுப் படிவத்தையும் கடன் பத்திரத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். பிள்ளையிடம் "படி, படி" என்று ஓயாமல் சொல்லவும் வேண்டியிருக்காது. அப்பனும் ஆத்தாளும் படிப்பதைப் பார்த்தே அது படிக்கும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. வேலை முடிந்து குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு வசதியாக மாலையில் நூலகம் திறந்திருக்க, ஊர் கூடி மனுக் கொடுங்கள். அது சலுகை இல்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாதம் ஒருநாள் வாசகர் வட்டம் நடத்துங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அப்பத்தாக்களும் வரட்டும். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம், கேட்பதும் கல்விதான். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் கணக்குப் பார்த்து முடித்ததும் ஒரு அத்தியாயம் படியுங்கள்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இங்கிருக்கும் நம் ஊர்ப்பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். நூலகப் புரவலர்களாகச் சேருகிறோம். வேண்டிய நூல்களின் பட்டியலை நூலகரோடு உட்கார்ந்து நீங்கள் எழுதுங்கள். வாங்கி அனுப்புவது எங்கள் பொறுப்பு.

தை அறுவடை முடிந்ததும் முதல் கூட்டத்தை வையுங்கள். அதற்கேற்ப விடுப்புக் கேட்டிருக்கிறேன். எந்த நூலை முதலில் எடுப்பது என்பதை இப்போதே பேசி முடிவு செய்து எழுதுங்கள். நானும் அதை இங்கே படித்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து
உங்கள் ஊர்ப்பிள்ளை