சட்டம் இருக்கிறது, ஆசிரியர் எங்கே?

பேச்சு வராத ஆறு வயதுப் பிள்ளையைக் கைப்பிடித்துக்கொண்டு கூலிக்காரத் தாய் ஒருத்தி பள்ளிக்கு வருகிறாள். “இவனுக்குச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆளில்லையம்மா” என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவள் கேட்டது தர்மமா? இல்லை, உரிமை!

40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது.

நடப்பது என்ன? ஒப்பந்தச் சம்பளத்தில் ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு அலைகிறார். என்றோ ஒரு நாள் வந்துபோகிறவரிடம் குழந்தை என்ன கற்கும்? பணமுள்ளவர் தனியாரிடம் பேச்சுப் பயிற்சி பெறுகிறார். கூலிக்காரியோ அன்றைய கூலியை இழந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வட்டார வள மையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். பேச்சு பழகும் வயதோ ஆறுக்கு முந்தியது. அந்த வயதை இந்த உரிமை எட்டவேயில்லை.

ஆகவே, சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக்கு! பயிற்சியைப் பள்ளிக்கே கொண்டு வா! அங்கன்வாடியிலேயே தொடங்கு! இவையே நம் கோரிக்கைகள்.

பெற்றோர்களே! வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். மனுவை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் கூட்டாகக் கேளுங்கள். தனியே அழும் தாய்க்குக் கதவு திறக்காது. ஒன்றுகூடி நிற்கும் தாய்மாருக்குத் திறந்தே தீரும்.