கியர் ஆயிலுக்கும் காத்து வேணுமுங்க

பதினாலு வருசம் ஓடுன வண்டிக்கு எதுக்கு மாமா தனியா ஆயில் கூலர்னு அக்கா பையன் சிரிக்கறான். அவன் மாட்டச் சொல்றது அலாய் வீலு!

நம்மளுது ஆட்டோமேட்டிக் வண்டி. பின்சீட்டை மடக்கி உரமூட்டை ஏத்திக்கிட்டு வாரம் ரெண்டு தடவை திம்பம் ஏறணும். 27 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி போக்குவரத்தை நிறுத்துனதுல இருந்து காலைல செக்போஸ்ட்ல லாரி வரிசைதான். அதுங்க பின்னாடி ஊர்ந்து ஏறும்போது டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி வழுக்கி ஆயிலைக் காய்ச்சிருது. எஞ்சின் முள்ளு நடுவுலயே நிக்கும், ஒண்ணும் தெரியாது.

போன சித்திரையில அப்படித்தான் பாதி மலையில கியர் விழல. ஸ்டிக்கை எடுத்தா, சிவப்பா இருக்கவேண்டிய ஆயில் கருத்து, தீஞ்ச வாசம். பாக்ஸைப் பிரிச்சா ஒண்ணேகால் லட்சம்னாங்க. மஞ்சள் வித்த காசு மொத்தமும் அதுதான். நல்லவேளை, ஆயில் மாத்துனதுல தப்பிச்சுது.

ரேடியேட்டருக்குள்ளயே கூலர் இருக்கேம்பாங்க. இருக்கு. ஆனா அது கொதிக்கிற தண்ணியில கிடக்குது. பழசாகி உள்ள ஓட்டை விழுந்தா தண்ணியும் ஆயிலும் கலந்து பாக்ஸே போயிரும். அதுக்காக அதைக் கழட்டி வீச வேண்டாம். ரேடியேட்டரை விட்டு வெளிய வர்ற லைன்ல, ஏசி கண்டென்சருக்கு முன்னாடி புதுசை மாட்டுனாப் போதும். ஹோஸ் மட்டும் சூட்டு ஆயிலுக்கானதா கேட்டு வாங்குங்க, மலிவா கிடைக்குதேன்னு டீசல் ஹோஸைச் சொருகிடாதீங்க.

இப்பவும் மாசம் ஒருக்கா ஸ்டிக்கை மோந்து பாக்கறேன். வீலு அடுத்த வெள்ளாமைக்குப் பாத்துக்கலாம்.