தோளைக் கழட்டி மாட்டணுமாம்!

"இந்தக் கையால உங்களுக்கு என்னவெல்லாம் செய்யணும் சார்?"

போன மாசம் எலும்பு டாக்டர் என்னைக் கேட்ட கேள்வி இது. எக்ஸ்ரேயைப் பார்ப்பார், "தேய்மானம்" என்பார், மாத்திரை எழுதுவார், வெளியே வந்து ஒரு காபி குடிச்சுட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்னு நினைச்சுப் போனவன் நான். இப்படி ஒரு கேள்வி வரும்னு எதிர்பார்க்கலை. முழிச்சேன். "எல்லாந்தான் சார்..."ன்னு இழுத்தேன்.

"எல்லாம்னு சொன்னீங்கன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் நமக்குள்ள சண்டை வரும். வீட்டுக்குப் போய் ஒரு லிஸ்ட் எழுதிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டார். அந்த லிஸ்ட்டை எழுதப் போய்த்தான் இந்தப் பதிவு பிறந்தது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2012-ல ஒரு மழை நாள். ஸ்கூட்டர் வழுக்கி வலது தோள் தரையில அடிச்சு விழுந்தேன். எலும்பு முறியலை. சுளுக்குன்னு தைலம் தேய்ச்சு, உருவி விட்டு, பத்து நாள்ல ஆபீஸ் போயாச்சு. கை மேல தூக்கும்போது மட்டும் சுருக்குன்னு ஒரு வலி. அதோட சமாதானமா வாழப் பழகிட்டேன். மேல் பரண்ல இருக்கறதை எடுக்கத் தங்கமணியைக் கூப்பிடறது, சட்டையை முதல்ல வலது கையில மாட்டறது, ராத்திரி இடப் பக்கமே படுக்கறது. உடம்பு நம்மை ஏமாத்தறது ஒரு பக்கம்னா, நாம உடம்பை ஏமாத்தறது இன்னொரு பக்கம்.

இப்ப என்ன ஆச்சுன்னு டாக்டர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன். பள்ளிக்கூடத்துல ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் வெச்சுக்கிட்டு ஓடுவோமே, ஞாபகம் இருக்கா? தோள் மூட்டு கிட்டத்தட்ட அதுதான். பெரிய உருண்டை, சின்னக் குழி. இடுப்பு மூட்டு மாதிரி ஆழமான கிண்ணம் கிடையாது. அதனாலதான் கை இத்தனை திசையில சுத்துது, அதனாலதான் லேசுல நழுவவும் செய்யுது. அந்த எலுமிச்சம்பழத்தை விழாம பிடிச்சு வெச்சிருக்கறது நாலு தசைகள். ரொட்டேட்டர் கஃப்னு பேர். எனக்கு 2012-ல கிழிஞ்சது அதுதான். பிடிமானம் போனதும் உருண்டை மெல்ல மேல ஏறி, மேல இருக்கற எலும்போட உரசி உரசி, இப்ப மூட்டே தேய்ஞ்சு போச்சு. தசை சுருங்கிக் கொழுப்பாயிடுச்சாம். இனிமே தைக்கவும் முடியாதாம்.

அப்ப என்ன வழி? மூட்டை மாத்தறது. அதுவும் தலைகீழா! உருண்டை இருந்த இடத்துல கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்துல உருண்டை. முதல்ல கேட்டப்ப டாக்டர் கிண்டல் பண்றார்னே நினைச்சேன். விஷயம் என்னன்னா, கிழிஞ்சுபோன தசையை நம்பாம, தோளுக்கு மேல உருண்டையாத் தெரியுதே டெல்டாய்டு தசை, அதுகிட்ட கையைத் தூக்கற வேலையை ஒப்படைக்கறாங்க. மூட்டு சுழற்ற மையத்தை உள்பக்கமும் கீழேயும் நகர்த்தினா அந்தத் தசைக்கு நெம்புகோல் நீளமாகுது. கடப்பாரையை நுனியில பிடிச்சு நெம்பற கணக்குதான்.

இந்த யோசனையை 1985-ல செஞ்சு காட்டினவர் பிரான்ஸ் நாட்டு திஜான் நகரத்து டாக்டர் பால் கிராமோன். அமெரிக்காவுல இதுக்கு அனுமதி கிடைச்சது 2003-ல. ஆனா தோளை மாத்தற ஆசை அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கு. 1893-ல பாரிஸ்ல பியான்னு ஒரு டாக்டர், காசநோய் தின்ன ஒரு தோளுக்கு பிளாட்டினமும் ரப்பரும் வெச்சு மூட்டு செஞ்சு போட்டார். அந்த ஆள் ரொட்டி சுடற தொழிலாளி. நோய் விடலை, சுமார் ரெண்டு வருஷத்துல அதை எடுக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் 1950-கள்ல நியூயார்க்ல சார்லஸ் நீர் வந்து உலோக மூட்டை உருப்படியா ஆரம்பிச்சு வெச்சார். அந்த ரொட்டிக்காரரை நான் அடிக்கடி நினைச்சுக்கறேன். மாவு பிசையற கை இல்லையா? அவரோட லிஸ்ட்ல முதல் வரி என்னவா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.

நிற்க.

நம்ம ஊர்ல முழங்கால் மாத்தறதுன்னா தெருவுக்கு நாலு பேர் அனுபவஸ்தர் கிடைப்பாங்க. தோள்னா யாருக்கும் தெரியறதில்லை. "தோளெல்லாம் மாத்துவாங்களா?"ன்னு கேட்டவங்கதான் அதிகம். "புத்தூர் கட்டு போட்டுப் பாருங்களேன்"னு ஒருத்தர். "முழங்கால் பண்ணிட்டு மூணாம் நாள் நடந்தேன், இதெல்லாம் ஜுஜுபி"ன்னு இன்னொருத்தர். அங்கதான் தப்பே. முழங்காலை மாத்தினா மறுநாளே நடக்க வைப்பாங்க. தோளை மாத்தினா நாலு முதல் ஆறு வாரம் கை தொட்டில்ல கிடக்கும். அப்புறம் பிசியோதெரபி மாசக் கணக்குல. செலவுலயும் வித்தியாசம் இருக்கு. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு உச்சவரம்பு விலை போட்டது முழங்கால் மூட்டுக்குத்தான். அந்த விலையை மனசுல வெச்சுக்கிட்டு தோளுக்குப் போய் நிக்காதீங்க. மூட்டுக்கு மட்டும் எவ்வளவுன்னு தனியா எழுதி வாங்கிடுங்க.

சரி, லிஸ்ட்டுக்கு வர்றேன். ரெண்டு நாள் யோசிச்சு எழுதினேன்.

1. அம்மாவைத் தூக்கணும்.
2. ராத்திரி வலியில்லாம தூங்கணும்.
3. கையால சோறு சாப்பிடணும்.
4. தலை சீவணும், கொடியில துணி போடணும்.
5. ஸ்கூட்டர்.

அம்மாவுக்கு 88 வயசு. ரெண்டு வருஷமா கட்டிலோட இருக்காங்க. காலையில கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு, ராத்திரி நாற்காலியிலேர்ந்து கட்டிலுக்கு. அது என் வேலை. அம்மா என் கழுத்தைக் கட்டிப்பாங்க, நான் இடுப்பைச் சேர்த்துத் தூக்குவேன். தங்கமணிக்கு முழங்கால் வலி, அவங்களால முடியாது.

லிஸ்ட்டைப் பார்த்த டாக்டர் ரெண்டாவது, மூணாவது, நாலாவதுக்கு நேரா டிக் போட்டார். "வலி குறையறதுதான் இதுல முதல் லாபம். கை தோள் உயரத்துக்கு மேலயும் போகும், நல்லா பயிற்சி செஞ்சீங்கன்னா." ஸ்கூட்டருக்குக் கேள்விக்குறி. அம்மாவுக்கு நேரா பேனாவைக் கொண்டுபோய் நிறுத்திட்டார். "எல்லாம் ஆறின பிறகும் அந்தக் கையில 10 கிலோவுக்கு மேல வேண்டாம் சார்." அம்மா 48 கிலோ.

வெளியே வந்து எல்லார்கிட்டயும் இதையே சொன்னேன். "அம்மா இருக்கும்போது எப்படி? அவங்களை யார் பாத்துக்கறது? அப்புறம் பாத்துக்கலாம்." சொல்றதுக்கு நல்லாத்தான் இருந்தது. கேட்டவங்களும் "ஆமா, பெத்தவங்களை விட்டுட்டா..."ன்னு தலையாட்டினாங்க. போன்ல தம்பிகிட்ட நான் இப்படிச் சொன்னதை உள்ளேர்ந்து அம்மா கேட்டிருக்காங்க. சாயங்காலம் நாற்காலியில உக்கார வெச்சப்ப மெதுவாச் சொன்னாங்க: "என் பேரைச் சொல்லாதடா. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு."

என்னத்தைச் சொல்ல? உண்மை அதுதான். எனக்குப் பயம். மயக்க மருந்து பயம், கத்தி பயம், அப்புறம் கையே விளங்காமப் போயிடுமோன்னு பயம். அந்தப் பயத்துக்கு அம்மா பாசம்னு சட்டை மாட்டி விட்டிருந்தேன்.

இன்னொண்ணையும் நான் யார்கிட்டயும் சொல்லலை. போன புரட்டாசியில ஒரு நாள் காலை, தூக்கும்போது கை சட்டுன்னு விட்டுடுச்சு. அம்மா கட்டில் விளிம்புல சாஞ்சாங்க. அடி எதுவும் இல்லை. ஆனா ஒரு சாண் தள்ளி இருந்தா இடுப்பு எலும்பு போயிருக்கும். அதாவது, அம்மாவைத் தூக்கணும்னு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டவனால, அம்மாவைப் பத்திரமாத் தூக்க ஏற்கனவே முடியலை. அந்த முதல் வரிக்கு எந்த மூட்டும் பதில் இல்லை. அதுக்கு வேற வழி பார்த்திருக்கணும், என் தோள் நல்லா இருந்தப்பவே.

அதனால என் கருத்து இதுதான். தோள் மாற்று சிகிச்சைன்னு யாராவது சொன்னா, "பண்ணலாமா வேண்டாமா?"ன்னு ஊரைக் கேட்காதீங்க. ஊருக்கு உங்க கை தெரியாது. "இந்தக் கை எனக்கு எதுக்கு வேணும்?"னு எழுதிப் பாருங்க. அதுல எது கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காதுன்னு டாக்டர்கிட்ட வரி வரியாக் கேளுங்க.

நம்ம ஊர் ஆளுங்க அவசியம் கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கேட்கத்தான் கூச்சப்படுவோம். இந்தத் தலைகீழ் மூட்டுல கையை மேல தூக்கறது நல்லா வரும், முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோறது பலருக்குச் சரியா வராது. எனக்கு வலது தோள், தப்பிச்சேன். இடது தோள்னா? கழுவற கை அதுதானே! சிரிக்காதீங்க, வாழ்க்கைப் பிரச்சினை இது. பெண்களுக்கு ஜாக்கெட்டோட பின்பக்க ஹூக், பின்னல். ஆபரேஷன் முடிஞ்சு பாத்ரூம்ல நின்னு கண்டுபிடிக்கற விஷயமா இதெல்லாம்?

வயசுக் கணக்கும் உண்டு. 2019-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இங்கிலாந்தோட 58,000-க்கும் மேற்பட்ட தோள் மாற்றுகளைப் பார்த்து ஒரு ஆய்வு வந்தது. 55 முதல் 59 வயசுல செஞ்சுக்கிட்ட ஆண்கள்ல, ஆயுசுக்குள்ள மறுபடி ஆபரேஷன் தேவைப்படற வாய்ப்பு நாலுல ஒண்ணு. 85 தாண்டின பெண்களுக்கு 37-ல ஒண்ணுதான். அப்ப காத்திருக்கறது புத்திசாலித்தனமா? ஓரளவுக்கு ஆமா. ஆனா ரொம்பக் காத்திருந்தா குழி எலும்பு தேய்ஞ்சு, புது மூட்டை முடுக்க இடமில்லாமப் போகும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு காலம் இருக்கு. அதை எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொல்லணும், பயத்தைக் கேட்டு நாம சொல்லக் கூடாது.

நான் தெரிஞ்சுக்கிட்ட சில்லறை விஷயங்களையும் சொல்லிடறேன். தோள்ல ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தா மூணு மாசம் போகட்டும்பாங்க, இல்லேன்னா கிருமி சேரும் அபாயம் அதிகம். சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கணும். கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மரக்க வைக்கும்போது, அந்தப் பக்கத்து உதரவிதானமும் சில மணி நேரம் சோம்பிப் போகும். மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. தோள்ல வந்து ஒட்டற முக்கியமான கிருமி எது தெரியுமா? முகப்பருவுல இருக்கற அதே ஆளு! அதனால பருவுக்குப் போடற மருந்தையே தோள்ல தடவச் சொல்ற டாக்டர்கள் இருக்காங்க. 63 வயசுல பருவு கிரீம் வாங்கப் போறேன். மருந்துக்கடைப் பையன் என்ன நினைப்பானோ :-)

முக்கியமா ஒரு ஒத்திகை பாருங்க. போன ஞாயித்துக்கிழமை வலது கையைத் துண்டால கட்டித் தொங்கவிட்டு முழு நாள் ஓட்டினேன். பல் தேய்க்கறது பரவாயில்லை. வேட்டி கட்ட முடியலை. சாம்பார் சாதத்தை இடது கையில ஸ்பூன் பிடிச்சு சாப்பிட்டதுல பாதி மடியில. ராத்திரி தலகாணியை அடுக்கி, சாய்ஞ்ச மாதிரி தூங்கிப் பார்த்தேன். காலையில அம்மாவைத் தூக்க, பக்கத்துத் தெருவுல நோயாளிகளைப் பாத்துக்கற ஒரு அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். அவங்க அம்மா இடுப்புல அகல பெல்ட் ஒண்ணைக் கட்டி, அம்மாவையே கால் ஊன்ற வெச்சு, என்னைவிட அழகா நாற்காலிக்கு மாத்திட்டாங்க. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ ரெண்டு வருஷமா மூட்டை தூக்கற மாதிரி தூக்கினேடா"ன்னாங்க.

இனிமே தினம் அவங்கதான் வர்றாங்க. தை பிறந்ததும் தேதி குறிக்கலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். லிஸ்ட்ல முதல் வரியை அடிச்சுட்டேன். பயம் போயிடுச்சான்னா, இல்லை. ஆனா இப்ப பயம்னுதான் சொல்றேன், வேற பேர் சொல்றதில்லை.

உங்கள்ல யாராவது தோள் மாத்தினவங்க இருந்தா, முதல் ஆறு வாரம் எப்படித் தூங்கினீங்கன்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வெறும் தோள். இடது கையால தட்டினது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்தருள்க.