முகப்பருவுக்குத் துத்தநாகம்

மழைக்கு முந்திய மும்பையிலும் கொல்கத்தாவிலும் காலையில் கழுவிய முகத்தில் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் வழிகிறது. கூடவே பருக்கள். இந்த அவதிக்காரர்களைக் குறிவைத்து விற்கப்படும் சீரம் புட்டிகளில் அடிக்கடி தென்படும் பெயர், ஜிங்க் பிசிஏ.

பெயர்தான் புதுசு. துத்தநாகம் சருமத்துக்குப் பழைய சிநேகிதம். அம்மாக்களின் அலமாரியில் இருந்த இளஞ்சிவப்புக் காலமைன் லோஷனிலும் முக்கியச் சரக்கு துத்தநாக ஆக்ஸைடுதான். நிறம் மட்டும் இரும்பு ஆக்ஸைடின் உபயம். ஆனால் அது தண்ணீரில் கரையாது, முகத்தில் பூச்சாகத் தெரியும். பிசிஏ என்பது ஈரத்தைப் பிடித்துவைக்கச் சருமமே தயாரிக்கும் பொருள். அதோடு துத்தநாகம் சேர்ந்தால் கிடைக்கும் உப்பு கரையும்; தடவிய சுவடு தெரியாது. வழக்கமாக 1 சதவீதம், பெரும்பாலும் நியாசினமைடுடன் ஜோடியாக.

எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடுவது ஆண் ஹார்மோன். (பெண்கள் உடலிலும் அது உண்டு.) அதை வீரியமாக்கும் என்சைமைத் துத்தநாகம் தடுப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். பரு பாக்டீரியாவையும் ஓரளவு அடக்குகிறது. ஆனால் ஆய்வுக்குழாயில் நடப்பதெல்லாம் கன்னத்திலும் நடந்துவிடுவதில்லை. 2001ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், மூன்று மாதம் துத்தநாக மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. மினோசைக்ளின் சாப்பிட்டவர்களில் 63 சதவீதம். இது மாத்திரையின் கதை. தடவும் துத்தநாகத்துக்கு ஆதாரம் இன்னும் மெலிவு.

எனவே எண்ணெய்ப்பசைக்கும் லேசான பருவுக்கும் அது ஒத்தாசை செய்யலாம், அதுவும் சில வாரங்கள் விடாமல் தடவினால். வலிக்கிற, தழும்பு விழுகிற பருவுக்கு டாக்டர்தான் வழி.

சில வாரம் காத்திருக்க முடியாதவர்கள்தான் பிரச்னை. பக்கத்து வீட்டார் சிபாரிசில் மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்குகிறார்கள். சில நாளில் சிவப்பு அடங்குகிறது, முகம் வெளுக்கிறது. பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரிய, பருக்கள் முன்னைவிட அதிகமாகக் கிளம்புகின்றன. நிறுத்தினாலோ எரிச்சல். டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கடைக்காரர்கள் எல்லோரும் சீட்டு கேட்கிறார்களா என்பது வேறு விஷயம். டியூபின் பொடி எழுத்துகளில் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால், டாக்டர் சொல்லாமல் அது பரு முகத்தின் பக்கமே போகக் கூடாது.