நாய்களுக்குத் "தலைவன்" வேண்டாம், இரண்டு தட்டு போதும்

புதுவாயலில் ஹைவே ஓரமாகத் தனி வீடு கட்டியவர் காவலுக்கு ஒரு நாய் வாங்குகிறார். பாவம் தனியாக இருக்கிறதே என்று அடுத்த வருடம் இன்னொன்று. இரண்டும் வளர்ந்து ஒருநாள் ரத்தம் வரக் கடித்துக் கொள்கின்றன. உடனே அட்வைஸ் மழை!

"விடுங்க, அதுங்களே அடிச்சுகிட்டு யார் பெருசுன்னு முடிவு பண்ணிக்கும்."

"நீங்கதான் லீடர்னு காட்டணும். மல்லாக்கத் தள்ளி அமுக்குங்க."

இரண்டுமே தப்பு.

இந்த "லீடர்" கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அதை 1970-ல் டேவிட் மெக் தன் புத்தகத்தில் எழுத, உலகம் முழுக்கப் பரவியது. அதே மெக் பிறகு காட்டு ஓநாய்களைப் பல வருடம் நேரில் கவனித்துவிட்டு, 1999-ல் "கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள குடும்பம்தான்" என்று தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். எழுதியவரே கைவிட்டதை நம் ஊர் நாய் நிபுணர்கள் மட்டும் விடுவதாக இல்லை...

சரி, அடித்தால் அடங்குமா? 2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேர் அது திருப்பி ஆக்ரோஷம் காட்டியதாகச் சொன்னார்கள். மல்லாக்க அமுக்கியவர்களில் 31 சதவீதம். அடி கொடுத்துக் கடி வாங்குவது நல்ல வியாபாரமா?

உண்மையில் சண்டை எதற்கு? சோறு, எலும்பு, படுக்கும் இடம், கேட் திறக்கும்போது வரும் பரபரப்பு. சில சமயம் வலி. சாதுவான நாய் திடீரென்று சீறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும், தடியைத் தேடக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். தனித்தனித் தட்டு, நடுவில் மூடிய கதவு. ஆள் இல்லாதபோது இரண்டையும் பிரித்து வைப்பது. காயம் ஆறியதும் இரண்டு பேர், இரண்டு கயிறு, தள்ளித் தள்ளி நடைப்பயிற்சி, பல நாள் கழித்தே நெருக்கம். சண்டையின் நடுவில் கையை விடவே கூடாது. தண்ணீர் ஊற்றலாம், தட்டைத் தட்டிச் சத்தம் போடலாம். மனிதருக்குக் கடி பட்டால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

"சிப்காட்டில் ஷிப்ட் வேலை, இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். கதவைச் சாத்த எவ்வளவு நேரம் ஆகும்?

இவ்வளவு செய்தும் ஒத்துப்போகாத ஜோடிகள் உண்டு. அப்போது ஒன்றுக்கு நல்ல வேறு வீடு பார்ப்பது கௌரவமான முடிவு. ராத்திரியில் ஹைவேயில் இறக்கிவிட்டு வருவது முடிவல்ல, குற்றம். பட்டினியில் வாடும்படி வளர்ப்பு மிருகத்தைக் கைவிடுவதை 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. அதில் முதல் தடவைக்கு எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீ காசு!

சட்டம் மலிவாக இருக்கலாம். லாரி வெளிச்சத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கிற அந்த நாய்க்கு உயிர் ஒன்றுதான். இரண்டாவது நாய் வாங்கும் முன்பு வீட்டில் இன்னொரு கதவு இருக்கிறதா என்று பாருங்கள்.