அடியில் எழுதாத உறையை நிரப்பாதீர்கள்

.223 ரெமிங்டன் உறையின் கழுத்தையும் தோளையும் அறுத்தெறிந்து, 44.7 மி.மீ. நீளத்தை 34.7 மி.மீ. ஆக்கி, டைக்குள் ஒருமுறை அழுத்தினால் .300 ப்ளாக்அவுட் உறை கிடைத்துவிடுகிறது. சின்ன அறுப்பு இயந்திரம், ஒரு டை, கொஞ்சம் மசகு, பொறுமை ஆகியவை இருந்தால் போதும். வார இறுதிக்குள் வாளி நிறைய உறை சேர்ந்துவிடும். அந்த வாளியிலிருந்து எதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் 223 ரெம் என்றே இருக்கும். உருவம் முழுவதும் மாறியிருக்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை. நம்மில் பெரும்பாலோர் வேலை முடிந்ததாக நினைத்து பிரைமரை எடுக்கும் கட்டம் அதுதான். வேலை அங்கே முடியவில்லை என்பதே இந்த ஆசிரியர் உரை சொல்ல வருவது.

ப்ளாக்அவுட்டை வடிவமைத்தவர்கள் .223-இன் போல்ட்டையும் மேகசினையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஏஆர்-15 துப்பாக்கியில் குழலை மட்டும் மாற்றினால் போதும். 2011-இல் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பு அதை ஏற்றுக்கொண்ட பிறகு அது வேகமாகப் பரவியதற்கு இந்த வசதியே முதல் காரணம். ஆபத்தும் அதே வசதியிலிருந்துதான் வருகிறது. இரண்டு தோட்டாக்களும் ஒரே மேகசினில் உட்காருகின்றன. 220 கிரெய்ன் கனத்த புல்லட் வைத்த ப்ளாக்அவுட்டைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். 110, 125 கிரெய்ன் புல்லட் வைத்ததை, அதுவும் மேகசினுக்குள் பாதி மறைந்த நிலையில், மங்கிய வெளிச்சத்தில், அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது. அது .223 துப்பாக்கியின் அறைக்குள் போய் போல்ட்டும் மூடிக்கொள்ளக்கூடும். புல்லட்டின் முனை தட்டினாலும், போல்ட்டின் வேகத்தில் புல்லட் உறைக்குள் பின்வாங்கி இடம் கொடுத்துவிடும். அதன்பின் 7.82 மி.மீ. புல்லட் 5.69 மி.மீ. குழலுக்குள் நுழைய வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. பின்னால் எரியும் மருந்தின் அழுத்தம் வேறு வழி தேடுகிறது. போல்ட் உடைகிறது, ரிசீவர் பிளக்கிறது, மேகசின் கீழ்ப்பக்கமாகச் சிதறுகிறது. இப்படிப் பிளந்த துப்பாக்கிகளின் படங்களைப் பார்க்காதவர் நம் வட்டத்தில் குறைவு.

ராணுவப் பித்தளையை மாற்றுகிறவர்கள் சிலர், தங்கள் உறையில் தவறான பெயர் இல்லை என்று ஆறுதல் கொள்கிறார்கள். மிசூரி மாநிலத்தின் லேக் சிட்டி ஆலையில் செய்த 5.56 உறையின் அடியில் எல்.சி. என்ற எழுத்துகள், ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள், வட்டத்துக்குள் சிலுவையாக நேட்டோ குறி, இவ்வளவுதான் இருக்கும். அளவின் பெயர் கிடையாது. உண்மைதான். ஆனால் அந்த அளவுள்ள அடியில் எல்.சி. என்று பார்க்கிற எந்த அமெரிக்கச் சுடுநரும் 5.56 என்றே படிப்பார். எழுதாமல் விட்ட பெயரையும் பழக்கம் படித்துவிடுகிறது.

செய்தவருக்குத் தன் உறை எது என்று தெரியும். அலமாரியில் எந்தத் தட்டில், எந்த மூடியுள்ள பெட்டியில் வைத்தோம் என்பது நினைவிருக்கும். அந்த நினைவை நம்பித்தான் பலர் குறியிடாமல் விடுகிறார்கள். பித்தளையோ நம் நினைவைவிட நீண்ட ஆயுள் கொண்டது. ரீலோடிங் செய்தவர் இறந்தபின் அவர் கொட்டகையில் இருந்தவற்றை மகளோ பேரனோ பக்கத்து ஊர்க்காரருக்கு மொத்தமாக விற்பதும், அவர் அதைப் பிரித்து மூன்று பேருக்குக் கொடுப்பதும் சாதாரணமாக நடக்கிறது. மூடியில் ஒட்டிய சீட்டு முதல் கைமாற்றத்திலேயே தொலைந்துபோகும். சுடுதளத்தின் தரையிலிருந்து பொறுக்கப்படும் உறைக்கோ பெட்டியே கிடையாது. அதன் கையில் இருக்கும் ஒரே சான்றிதழ் அடிமுத்திரை. நாம் அங்கே எழுதுவது நமக்குத் தெரியாத ஒருவர் படிப்பதற்காக.

பெரிய ஆலைகள் இந்த அந்நியரை மனத்தில் வைத்துத்தான் முடிவெடுத்திருக்கின்றன. 20 கேஜ் தோட்டாவைத் தவறிப்போய் 12 கேஜ் ஷாட்கன்னில் போட்டால் அது அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சுடவில்லையே என்று அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதைத் தடுக்க அமெரிக்க ஆலைகள் மஞ்சள் நிறத்தை 20 கேஜுக்கு மட்டும் ஒதுக்கிவைத்தன. பெட்டியைப் படிக்காதவரும், படிக்கவே தெரியாதவரும் மஞ்சளைப் பார்ப்பார்கள். 1957-இல் வந்த .280 ரெமிங்டன் இன்னொரு சான்று. .30-06-இன் வழிவந்த அந்த உறையின் தோளைச் சற்று முன்னே தள்ளியே வடிவமைத்தார்கள். .270 துப்பாக்கியின் அறைக்குள் அது போய்விடக் கூடாது என்பதே நோக்கம். ரெமிங்டன் நிறுவனம் பிற்பாடு அந்தத் தோட்டாவை 7 எம்எம் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி விற்றது. வாங்குகிறவர்கள் அதை 7 எம்எம் மேக்னத்தோடு குழப்பிக்கொண்டதால் பழைய பெயருக்கே திரும்பியது. பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்று ஆலைக்குத் தெரிந்திருந்தது. வீட்டு மேசையில் உறை செய்யும் நமக்கு அதைவிடக் குறைந்த பொறுப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இனி குறியிடும் முறைகள். மார்க்கர் பேனாவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எஃகு ஊசிகளோடு ஈர டம்ப்ளரில் சுற்றினால் ஒரே கழுவலில் மை போய்விடும். மக்காச்சோளத் தக்கைத் தூளில் உலர்வாகச் சுற்றினாலும் அதிகநாள் நிற்காது. பிரைமரின் மேல் நெயில் பாலிஷ் பூசுவது நிரப்பிய தோட்டாவுக்கு நல்ல கூடுதல் அடையாளம். சுட்ட பிறகு அந்த பிரைமர் வெளியே போகும்போது அடையாளமும் சேர்ந்து போகிறது. உறையின் பக்கவாட்டில் கீறுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பக்கச்சுவர் மெல்லியது. ஒவ்வொரு சுடலிலும் விரிந்து, ஒவ்வொரு முறை டைக்குள் போகும்போதும் சுருங்கி, நீள்கிறது. அங்கே போட்ட கீறல் விரிசல் தொடங்குவதற்குத் தோதான இடமாகிவிடும்.

ஆக, அடிதான். ஆனால் அங்கே இடம் சிறிது. .223 உறையின் அடி விட்டம் 9.6 மி.மீ. அதில் பிரைமர் குழி 4.45 மி.மீ. எடுத்துக்கொள்கிறது. மிஞ்சும் வளையத்தின் அகலம் இரண்டரை மி.மீ. சொச்சம். விளிம்பின் சரிவையும் பழைய எழுத்துகளையும் கழித்தால், மூன்று இலக்கம் வைக்கத்தான் இடம் கிடைக்கும். மூன்று இலக்கம் போதும். 300 என்று இருந்தால் அந்த அளவுள்ள அடியில் அது பெரும்பாலும் ப்ளாக்அவுட்டையே குறிக்கும். .300 மேக்னங்களின் அடி இதைவிட எவ்வளவோ பெரியது. விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டுப் போடுவது, ஒரு புள்ளி குத்துவது போன்ற சொந்தக் குறிகளை மூத்தவர்கள் பலர் வைத்திருந்தார்கள். அவர்களின் கைத்திறனை மதிக்கிறேன். என்றாலும் அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்தவர் அதை வைத்தவர் ஒருவரே. போதாததற்கு, எக்ஸ்ட்ராக்டர் பற்றும் விளிம்பில் அரம் படுவதும் நல்லதல்ல.

எஃகு எழுத்து அச்சு இன்னமும் எல்லாவற்றிலும் நிலைத்து நிற்பது. அதைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். உறைக்குள் அடிப்பாகத்தின் உட்புறம் வரை போய் உட்காரும் எஃகுத் தண்டைச் செருகி, அதன்மேல் உறையைக் கவிழ்த்து நிறுத்தி, சிறு கைப்பிரஸ்ஸால் அழுத்துங்கள். தாங்கல் இல்லாமல் அடித்தால் விளிம்பு கோணும், பிரைமர் குழி நசுங்கும். முதல் சில உறைகளை அழுத்தியதும் குழியை அளவுகோலால் சோதியுங்கள், ஷெல் ஹோல்டரில் செருகிப் பாருங்கள், அடியைத் தட்டையான சாணைக்கல்லில் மெல்லத் தேய்த்து எழும்பிய பிசிறை எடுங்கள். பிசிறு இருந்தால் அடி போல்ட்டின் முகத்தில் சமமாக உட்காராது. கையில் பிடிக்கும் மின் செதுக்கி மலிவானது. ஆனால் அதன் எழுத்து ஆழமற்றது, பிசிறும் அதிகம். அதிக அழுத்தமுள்ள தோட்டாக்களில் ஆலையின் அடிமுத்திரையே தட்டையாகித் தேய்வதை அழுத்த எச்சரிக்கையாகக் கொள்கிறோமல்லவா? அங்கே நம் மேலோட்டமான கீறல் எத்தனை சுடலுக்குத் தாங்கும்?

ஃபைபர் லேசர் இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் அதிர்ஷ்டம். எழுத்து சீராக விழும், உறையில் விசை எதுவும் படாது. பித்தளை ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகம் என்பதால் ஆழம் வர ஒரே இடத்தில் பலமுறை ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது சூட்டைக் கவனியுங்கள். அடிப்பாகத்தின் கடினம் போனால் உறையே போனது. கை பொறுக்காத அளவுக்கு அடி சூடேறினால் நிறுத்தி ஆறவிடுங்கள். வெறுமே கறுப்பாக்கும் அமைப்பில் விட்டால் அது மார்க்கரின் உறவுக்காரன்தான், டம்ப்ளர் சில கழுவலில் அதையும் தின்றுவிடும். உப்புக் கரைசலும் குறைந்த மின்னழுத்தமும் கொண்டு ஸ்டென்சில் வழியே அரிக்கும் முறையும் நன்றாக வேலை செய்கிறது. அரித்து முடிந்ததும் நிறையத் தண்ணீரில் கழுவி முழுக்க உலர்த்திவிட வேண்டும்.

எந்த முறையானாலும் காலி உறையில், பிரைமர் வைக்கும் முன். இதற்கு விதிவிலக்கு கிடையாது. பிரைமர் வைத்த உறையில் அச்சும் லேசரும் மின் செதுக்கியும் படக்கூடாது.

அமோனியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறியிட்ட அடியைப் பளபளப்பாக்க அமோனியா கலந்த மெருகுத் திரவத்தை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை காரணம் புரியாமல் விரிசல் விட்டது. லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த தகைவும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளக்கம் வந்தது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கொண்ட நம் உறைப் பித்தளைக்கு இந்த நோய் இன்றும் உண்டு. உறையை மாற்றுவதென்றால் சுவரை அறுத்து மடக்கி அழுத்திக் கழுத்தாக்குகிறோம், அதாவது உள்ளே புதிய தகைவை ஏற்றுகிறோம். அதன்மேல் அமோனியா வேண்டாம். கழுத்தை அனீல் செய்து தகைவை இறக்கிவிடுங்கள். லேக் சிட்டி உறைகளின் கழுத்தில் தெரியும் நீலமும் பழுப்புமான கறை அனீல் செய்ததன் சாட்சி. அது தெரியட்டும் என்றே மெருகிடாமல் அனுப்புகிறார்கள். அதுவும் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு குறிதான்.

புதிய பெயரை எழுதும் ஆர்வத்தில் பழையதைச் சுரண்டி அழிக்கிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. தவறான பெயர் எதற்கு, அழித்துவிட்டால் குழப்பமில்லையே என்பது அவர்கள் வாதம். ப்ளாக்அவுட்டின் புதிய கழுத்து, தாய் உறையின் உடற்சுவரிலிருந்து உருவாவது. அந்தச் சுவரின் தடிமன் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. சில உறைகளில் கழுத்து தடித்துப்போய், புல்லட் வைத்ததும் அறைக்குள் இறுகிப்பிடித்து, புல்லட்டை விடாமல் அழுத்தத்தை ஏற்றிவிடும். எந்த ஆலையின் உறை மாற்றத்துக்கு உகந்தது, எது ஆகாது என்று நாம் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறோமே, அந்தப் பட்டியலுக்கு ஆதாரம் பழைய அடிமுத்திரைதான். ஆலையின் பெயரையும் ஆண்டையும் விட்டுவையுங்கள். பழைய அளவின் பெயரை மட்டும் ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் புதியதை எழுதுங்கள். பத்திரத்தில் திருத்தம் செய்து சுருக்கொப்பம் இடுவதைப் போல, எது எதுவாக மாறியது என்று இரண்டும் தெரிய வேண்டும்.

எல்லா மாற்றங்களும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மாற்றிய தோட்டா, அதன் அடியில் பெயர் பொறித்திருக்கும் துப்பாக்கிக்குள் நுழையுமா? .280 ஆக்லி இம்ப்ரூவ்டின் உடல் பருத்துத் தோள் அகன்றிருப்பதால் சாதாரண .280 அறைக்குள் போகாது. 24 கேஜ் பித்தளை உறையிலிருந்து செய்த மார்டினி-ஹென்றி தோட்டாவை வேறொன்றாக நினைக்க ஆளில்லை. இவற்றிலும் எழுதுவது நல்ல பழக்கம், எழுதாவிட்டால் கை போய்விடாது. ப்ளாக்அவுட் நுழையும். ஆகவே அதில் எழுதுவது கட்டாயம். எழுத வசதியில்லாதவர்களுக்கு என் யோசனை, மாற்றவே வேண்டாம். சரியான பெயர் பொறித்த ப்ளாக்அவுட் பித்தளை இன்று கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காத காலத்தில் பிறந்த சிக்கனத்தை இப்போதும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இந்த இதழைப் பொறுத்தவரை ஒரு முடிவெடுத்திருக்கிறோம். உறை மாற்றம் பற்றி வரும் கட்டுரைகளில் அறுப்பது, வடிவமைப்பது, அனீல் செய்வது ஆகியவற்றோடு அடியில் குறியிடும் கட்டமும் இனி இருக்க வேண்டும். முடிந்த உறையின் அடி தெளிவாகத் தெரியும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாதவற்றைத் திருத்தி அனுப்பும்படி எழுதியவருக்கே திருப்புவோம். ஏற்கெனவே குறியில்லாத உறைகளை வைத்திருப்பவர்கள் அவற்றை அடுத்த முறை நிரப்பும் முன் ஒரு சுற்று அழுத்திவிடுங்கள். நிரப்பியே வைத்திருப்பதை அதற்குரிய துப்பாக்கியில் சுட்டுத் தீர்த்துவிட்டு, காலியான பிறகு எழுதுங்கள். அதுவரை அந்தப் பெட்டி .223 இருக்கும் அலமாரியில் இருக்க வேண்டாம்.